வலப்பக்கத்தால் வரும் கார்கள்

2025 ஜூலை 12, சனிக்கிழமை, பரந்தன்

இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கும் இன்று எங்கள் கையில் விமானச்சீட்டும் இல்லை, பந்தயத்துக்கான நுழைவுச்சீட்டும் இல்லை. தம்பியிடம் கடவுச்சீட்டே இல்லை. இருப்பது ஒரு முடிவு மட்டும்தான். வருகிற ஒக்ரோபர் 3, 4, 5 ஆம் திகதிகளில் சிங்கப்பூரின் மரீனா விரிகுடாத் தெருக்களில் நடைபெறவிருக்கும் போர்முலா வன் பந்தயத்தை அண்ணனும் தம்பியுமாக நேரில் போய்ப் பார்ப்பதென்று, இன்று பின்னேரம் கராஜில் வைத்துத் தீர்மானித்தோம்.

தம்பி பரந்தன் சந்திக்குக் கிட்ட மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறான். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் இருவருக்கும் இயந்திரப் பித்துப் பிடித்தது, விந்தையாக, பெற்றோல் இல்லாத காலத்தில்தான். தொண்ணூறுகளில் வன்னிக்குள் எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்தபோது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, இயந்திரம் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பாவிடம் ஒரு எம்.டி. 90 இருந்தது. வீதியால் போகும் வண்டி எது, யாருடையது என்பதை எட்டிப் பார்க்காமல் ஓசையைக் கொண்டே சொல்வது எங்கள் விளையாட்டு. நான் வண்டியைச் சொன்னால், தம்பி அதன் நோயையும் சேர்த்துச் சொல்வான்.

அவனுடைய இடக்காது 2009 இல் போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் அவனும் சொல்வதில்லை, நானும் எழுதப்போவதில்லை. ஆனால் இந்தப் பயணத்தின் ஒழுங்குகளில் பாதி அந்தக் காதைச் சுற்றியே அமையும் என்பதால் முதல் நாளிலேயே சொல்லிவைக்கிறேன்.

எந்தப் பந்தயத்துக்குப் போவது என்பதில் நீண்ட நேரம் இழுபறிப்பட்டோம். அக்காவின் மகன் சென்னைக்குப் போகலாம் என்றான்; நடிகர் அஜித் குமாரின் கார்ப்பந்தய அணி இந்த ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடத்தைப் பிடித்த நாளிலிருந்து அவன் எங்களைவிடப் பெரிய பந்தய நிபுணனாகிவிட்டான். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீற்றர் தெருப்பாதை அமைத்து, கடந்த ஆண்டு ஓகஸ்ற் கடைசியில் இரவு வெளிச்சத்தில் போர்முலா 4 என்ற கீழ்நிலைப் பந்தயக் கார்களை ஓடவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்தியாவுக்கு எங்களுக்கு விசா வேண்டும். தவிரவும், தம்பி பார்க்க விரும்புவது போர்முலா 4 அல்ல. மலேசியாவின் செபாங்கில் ஒக்ரோபரில் மோட்டோ ஜிபி நடக்கிறது. மோட்டார் சைக்கிள்காரனுக்கு அதுதான் பொருத்தம் என்று நான் வாதாடினேன். செபாங்கில் 1999 முதல் 2017 வரை போர்முலா வன் பந்தயமும் நடந்தது. இப்போது அது இல்லை. மலேசியாவுக்கும் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு விசா தேவையில்லை. நான்கு மணிநேர விமானப் பயணம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. இந்த மூன்று காரணங்களையும் நான் அடுக்கி முடிக்கும்வரை தம்பி ஒரு காபரேற்றரைக் கழுவிக்கொண்டிருந்தான். பிறகு, “மோட்டார் சைக்கிள் சத்தம் நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறன் அண்ணை, அந்தக் காரின்ர சத்தத்தைத்தான் ரீவியில கேட்டு நம்பேலாமக் கிடக்கு” என்றான். அதோடு செபாங் முடிந்தது.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, பரந்தன்

அம்மாவுக்குச் சொல்லியாயிற்று. அவர் முதலில் கேட்டது செலவைப் பற்றியல்ல, தியத்தலாவையைப் பற்றி. 2024 ஏப்ரலில் அங்கே பந்தயக் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியை அவர் இன்னும் மறக்கவில்லை. மரீனா விரிகுடாவில் பாதையின் இருபுறமும் கொங்கிறீற்றுச் சுவரும் அதன் மேல் உயரமான கம்பிவலையும் இருக்கும் என்பதை விளக்க, கராஜில் கிடந்த மூன்று சீமெந்துக் கல்லையும் கோழிக்கூட்டு வலையையும் காட்ட வேண்டியிருந்தது. பாதியளவு ஏற்றுக்கொண்டார்.

அந்தச் சுவர்கள்தான் இந்தப் பந்தயத்தின் குணத்தையே தீர்மானிக்கின்றன. நிரந்தரப் பந்தயத்திடலில் கார் வழுக்கினால் ஓடி நிற்பதற்குப் பரந்த வெளி இருக்கும். இங்கே வழுக்கினால் சுவர். உடைந்த காரை அகற்றும்வரை எல்லோரையும் மெதுவாக ஓடவைப்பதற்குப் பாதுகாப்புக் கார் பாதைக்குள் வரும். 2008 இல் தொடங்கிய இந்தப் போட்டியில் 2023 வரை பாதுகாப்புக் கார் வராத ஆண்டே இல்லை. கடந்த ஆண்டு, லாண்டோ நொரிஸ் வென்ற பந்தயத்தில்தான் முதன்முறையாக அது வெளியே வராமலே ஓட்டம் முடிந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2008 இன் முதற்போட்டியில் நெல்சன் பிக்கே ஜூனியர் தன் காரைச் சுவரில் மோதினார். அதனால் வந்த பாதுகாப்புக் கார் அவருடைய அணித்தோழர் பெர்னாண்டோ அலொன்சோவுக்கு வெற்றியைக் கொடுத்தது. அது வேண்டுமென்றே செய்த மோதல் என்பது அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. வேலிப்பிணக்கில் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டுத் தானே தேடித் திரிகிற ஆளை எங்கள் ஊரிலும் கண்டிருக்கிறேன்.

இன்றைய நாளின் பெரிய வேலை, எங்கே இருப்பது என்பதைத் தீர்மானிப்பது. நுழைவுச்சீட்டுகள் இருவகை. ஒன்று, நடந்து திரிந்து பார்ப்பது: இருக்கை கிடையாது, திடலுக்குள் மேடைகளிலும் வேலியோரத்திலும் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றது, எண்ணிட்ட இருக்கையுள்ள பார்வையாளர் மண்டபம்: விலை சில மடங்கு. திடல் நான்கு வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நான்காம் வலயச் சீட்டை வைத்திருப்பவர் அதற்குள் மட்டுமே திரியலாம், முதலாம் வலயச் சீட்டுக்காரர் எங்கும் போகலாம். என் கணக்கு மலிவான நடைச்சீட்டை நோக்கியே போனது. மூன்று இரவும் நிற்பதற்கு எங்களுக்கு இன்னும் கால் இருக்கிறது என்றேன்.

தம்பி பதில் சொல்லாமல் ஒரு சோக்கட்டியை எடுத்துக் கராஜ் நிலத்தில் அந்தப் பாதையை வரைந்தான். ஏறக்குறைய 4.9 கிலோமீற்றர், பத்தொன்பது வளைவுகள். 2023 க்கு முன்னர் இருபத்துமூன்று வளைவுகள் இருந்தன. மிதவைமேடைப் பக்கம் வேலை தொடங்கியதால் நான்கு வளைவுகளை எடுத்துவிட்டு நேர்ப்பாதை ஆக்கினார்கள். ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கைக் காராக வைத்து அவன் அதை ஓட்டிக் காட்டினான். பெரும்பாலான பந்தயப் பாதைகள் வலஞ்சுழியாக இருக்க, இது இடஞ்சுழி. அவன் சோக்குக்கோட்டுக்கு வெளியே குந்தி இருந்து பிளக்கைத் தள்ளினான்; அது அவனுடைய இடப்பக்கத்தால் வந்து வலப்பக்கத்தால் போனது. எழும்பிக் கோட்டுக்கு உள்ளே போய், வெளியே பார்த்துக் குந்தினான். இப்போது அது வலப்பக்கத்தால் வந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். இருபது வருடம் கேத்திரகணிதம் படிப்பித்தவனுக்கு அது தோன்றவில்லை.

ஆகவே எங்களுக்கு வேண்டியது பாதையின் உட்புறத்தில் அமைந்த மண்டபம். வரைபடத்தை வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம். பாடாங் திடலில் உள்ள மண்டபம் பொருந்துகிறது. பழைய நகரமண்டபத்துக்கும் பாடாங் புற்றரைக்கும் இடையே செல்லும் சென் அன்ட்றூஸ் வீதியில் கார்கள் வடக்கிலிருந்து தெற்கே போகின்றன. நாங்கள் புற்றரையில், மேற்கே நகரமண்டபத்தைப் பார்த்தபடி இருப்போம். கார்கள் 9 ஆம் வளைவை விட்டு வெளியேறி, வலப்பக்கத்தால் வேகம் எடுத்துவந்து, இடப்பக்கத்தில் 10 ஆம் வளைவுக்காகத் தடை போடும். 2023 போட்டியின் கடைசிச் சுற்றில் ஜோர்ஜ் ரசல் சுவரில் உரசி வெளியேறியதும் அந்தப் 10 ஆம் வளைவில்தான்.

அந்தப் போட்டி தம்பிக்கு மனப்பாடம். அந்த ஆண்டு ரெட் புல் அணி வெல்லாமல் விட்ட ஒரேயொரு பந்தயம் அது. முன்னால் போன கார்லோஸ் சைன்ஸ், பின்னால் வந்த நொரிஸை ஒரு விநாடி இடைவெளிக்குள்ளேயே வேண்டுமென்று வைத்திருந்தார். முன்காருக்கு ஒரு விநாடிக்குள் வருபவர் பின்சிறகைத் திறந்து வேகத்தைக் கூட்டலாம் என்பது அப்போதைய விதி. அந்த மேலதிக வேகத்தை நொரிஸ் பயன்படுத்தி, தமக்குப் பின்னால் புதுச்சில்லுகளோடு விரட்டிவந்த இரண்டு மேர்சிடிஸ் கார்களையும் தடுத்தார்; சைன்ஸ் பாதுகாப்பாக வென்றார். எதிராளிக்குக் கைகொடுத்து அவனையே வேலியாக்கிய இந்தத் தந்திரத்தைத் தம்பி விளக்கும்போது, கராஜில் வேலைக்கு நிற்கும் பெடியன் சாவியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பாடாங் மண்டபத்தின் மூன்று நாள் சீட்டு இரண்டு. இரவு பதினொரு மணிக்கு என் அட்டையால் பணம் போனது. ஒரு சிங்கப்பூர் வெள்ளி இப்போது 230 ரூபாயைத் தாண்டி நிற்கிறது என்பதை மட்டும் எழுதி, தொகையை எழுதாமல் விடுகிறேன். வீட்டில் எல்லோரும் இதை வாசிக்கிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, வவுனியா

தம்பியின் கடவுச்சீட்டுக்காக வவுனியாவுக்குப் போய்வந்தோம். கிளிநொச்சியிலிருந்து விடியற்காலை பஸ். சோளகக் காற்று வீதியோரப் புழுதியை ஒருபக்கமாகச் சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. முறிகண்டியில் வழமைபோல் பஸ் நின்றது. பிள்ளையாருக்கு முன்னால் நிற்காமல் போகும் வாகனத்தை இந்த வீதியில் நான் கண்டதில்லை. தம்பி ஒரு தேங்காய் வாங்கி உடைத்தான். நான் கச்சான் வாங்கினேன். மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று ஊர்கள் கழிய, கச்சானும் முடிந்தது.

படம் எடுப்பதற்கு, திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவுக்குத்தான் போக வேண்டும்; அவர்கள் படத்தை நேரடியாக இணையத்தில் அனுப்பிவிட்டு ஒரு துண்டைத் தருவார்கள். அந்தத் துண்டோடும் பிறப்புச் சான்றிதழோடும் அடையாள அட்டையோடும் போய் விண்ணப்பித்தபோதுதான் தம்பியின் பெயர் இரண்டு ஆவணங்களிலும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதப்படவில்லை என்பது தெரியவந்தது. ஒன்றில் ஓரெழுத்துக் கூட. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பழைய சான்றிதழ் தொலைந்து, பின்னர் எடுத்த பிரதி அது. யாரைக் குறை சொல்ல? பொறுமையாக இருந்த அலுவலர் என்ன செய்ய வேண்டுமென்று ஒரு தாளில் எழுதித் தந்தார். ஒரு மாதத்துக்குள் முடியும் போல இருக்கிறது. வன்னியிலிருந்து வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ரிக்கெற்றுக்கு முதல் உங்கள் பெயரின் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். நாங்கள் மறுபக்கமாகச் செய்துவிட்டோம்.

திரும்பும் வழியில் தம்பி ஒரு கணக்குக் கேட்டான். ஒக்ரோபர் 5 ஆம் திகதிப் பந்தயம் 62 சுற்றுகள், மொத்தம் 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கும் ஏறக்குறைய அவ்வளவுதானே என்றான். கொஞ்சம் கூட, ஆனால் கிட்டத்தட்ட அதுதான். நாங்கள் ஏழெட்டு மணிநேரம் பஸ்ஸில் நசுங்கிப் போகும் தூரத்தை அவர்கள் ஐந்து கிலோமீற்றர் வட்டத்துக்குள்ளேயே சுற்றி இரண்டு மணிநேரத்துக்குள் முடிக்கிறார்கள். உண்மையில் இரண்டு மணிநேரம் என்பது விதியின் உச்சவரம்பு. வளைவுகள் மெதுவாக இருப்பதாலும் பாதுகாப்புக் கார் அடிக்கடி வருவதாலும் சிங்கப்பூரில் சில ஆண்டுகளில் அந்த வரம்பைத் தொட்டு, சுற்றுகளைக் குறைத்து முடித்திருக்கிறார்கள்.

ஜூலை 16, புதன்கிழமை, பரந்தன்

பணம். இரணைமடுக் குளத்தின் கீழ் எங்கள் இரண்டு ஏக்கர் சிறுபோகம் அறுவடைக்கு வந்திருக்கிறது. நெல்விலை என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. தம்பி தான் மாதாமாதம் கட்டிவரும் சீட்டுப்பணத்தை இந்த மாதம் கழிவுக்கு எடுத்தான். எனக்குச் சம்பளக் கடன். இதைவிட இதில் எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 19, சனிக்கிழமை, கிளிநொச்சி

காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் தம்பியைக் கூட்டிப்போனேன். நான்தான் வற்புறுத்தினேன். இருக்கிற ஒரு காதைக் கொண்டுபோய் ஆயிரம் குதிரைவலுவுக்கு முன்னால் வைக்கப்போகிறோம், கேட்காமல் போவது புத்தியல்ல என்றேன்.

வைத்தியர் தானும் பந்தயம் பார்ப்பவர் என்பது எதிர்பாராத உதவி. அவர் சொன்னதும் நாங்கள் வாசித்திருந்ததும் ஒத்துப்போயின. 2013 வரை ஓடிய 2.4 லீற்றர் எட்டுச் சிலிண்டர் இயந்திரங்களின் அலறல் இப்போது இல்லை. 2014 இலிருந்து 1.6 லீற்றர் ஆறு சிலிண்டர், ரேர்போ, அதோடு மின்வலு. புகைக்குழாயால் வீணாய்ப் போகும் சக்தியை ரேர்போ பிடித்து விழுங்கிவிடுவதால் வெளியே வரும் ஓசை குறைந்துவிட்டது. பழைய இரசிகர்கள் இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். தம்பிக்கு அது அதிர்ஷ்டம். ஆனாலும் மூன்று இரவுகள், பல மணிநேரம், கொங்கிறீற்றுச் சுவர்களுக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கும் இடையே எதிரொலிக்கும் ஓசை. ஆகவே வலக்காதுக்குள் ஒரு நுரையடைப்பான், அதன் மேல் முழுக்காதையும் மூடும் கவசம், இரண்டும் கட்டாயம், கழற்றவே கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார்.

வெளியே வந்து பிளேன்ரீ குடிக்கும்வரை தம்பி ஒன்றும் பேசவில்லை. எனக்கும் சங்கடமாக இருந்தது. கேட்பதற்காகப் போகிறவன்; வலப்பக்கத்தால் வரட்டும் என்று சீட்டு எடுத்திருக்கிறோம்; அந்த வலக்காதைத்தான் இரண்டு பூட்டுப் போட்டு மூடச் சொல்கிறார்கள். மலிவான நடைச்சீட்டை எடுத்திருக்கலாமோ என்று என் கணக்கு மூளை ஒரு கணம் ஓடியதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கராஜுக்கு வந்ததும் அவன் ஒரு மோட்டார் சைக்கிளை இயக்கிவிட்டு, நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றின் நுனியை சிலிண்டர் தலையில் வைத்து, பிடியைத் தன் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் ஊன்றினான். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். வால்வு தட்டுகிறதா, பெயாரிங் போய்விட்டதா என்று அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் அவன் ஊன்றியது இடப்பக்கத்தில். செவிடான காதின் பின்னால். “எலும்பு செத்துப்போகேல்ல அண்ணை” என்றான். இடப்பக்கத்து எலும்பில் வைத்தாலும் அதிர்வு மண்டையோட்டால் வலப்பக்கத்து உட்காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று வைத்தியர் படம் கீறி விளக்கியிருந்தார். அவன் அதைப் பதினாறு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறான். பாடாங் மண்டபம் இரும்புக் குழாய்களைப் பொருத்தித் தற்காலிகமாகக் கட்டுவது. கைப்பிடிக் கம்பியில் கையை வைத்தால் எவ்வளவு கேட்கும் என்பதுதான் இப்போது எங்கள் கேள்வி.

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, பரந்தன்

தங்குமிடம். பந்தய வாரத்தில் அறைவாடகை ஏறிவிடும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு ஏறும் என்பதை நாங்கள் பார்த்த பிறகு, மரீனா விரிகுடாவை அண்டிய எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழித்துவிட்டோம். குட்டி இந்தியாவில், சிராங்கூன் வீதிக்கு அருகே, இரண்டு கட்டில் கொண்ட சிறிய அறை கிடைத்திருக்கிறது. அங்கிருந்து நகரப் புகையிரதத்தின் வடகிழக்குத் தடத்தில் ஒரு தரிப்பு போனால் டோபி காட். அங்கே சிவப்புத் தடத்துக்கு மாறி இன்னொரு தரிப்பு போனால் நகரமண்டபம். இரண்டே தரிப்பு.

ஒரு முகவர், சிங்கப்பூருக்குப் போவதற்கு “வருகைப் பத்திரம்” ஒன்று எடுத்துத் தருவதாகவும் அதற்கு ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் என்றும் தொலைபேசியில் சொன்னார். அந்த மின்னணு வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள், அந்நாட்டின் குடிவரவு இணையத்தளத்தில் நாங்களே நிரப்பலாம், கட்டணம் கிடையாது. விசா இல்லாத நாடு என்றாலும், திரும்பும் சீட்டு, தங்குமிடம், கைச்செலவுப் பணம் ஆகியவற்றை அதிகாரி கேட்டால் காட்டவேண்டும். அவற்றை அச்சிட்டு ஒரு கோப்பில் போட்டாயிற்று.

அம்மா, வியாழக்கிழமை நாங்கள் சிங்கப்பூரில் இறங்கியதும் முதலில் போகவேண்டிய இடத்தைத் தாமே தீர்மானித்துவிட்டார்: காத்தோங் பகுதியில், சிலோன் வீதியிலுள்ள செண்பக விநாயகர் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே போய்க் குடியேறிய இலங்கைத் தமிழர் தொடக்கிய கோயில் அது. எங்கள் பூட்டனாரின் தமையன் ஒருவர் மலாயாப் புகையிரதத்தில் கிளாக்கராக இருந்தார் என்பதும், அவர் அனுப்பிய ஒரு மணிக்கூடு அம்மாவின் பிறந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் எங்களுக்கு இன்றுதான் தெரியவந்தது. முறிகண்டிப் பிள்ளையாருக்கு நின்றுபோனது போல இவருக்கும் நின்று போக வேண்டுமாம். தம்பிக்கு மறுப்பில்லை, அந்த மணிக்கூடு என்ன மேக் என்றுதான் கேட்டான்.

செப்ரெம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, இரணைமடு

இரண்டு மாதமாக எழுதவில்லை. கடவுச்சீட்டு, எழுத்துத் திருத்தத்தோடு, வந்துவிட்டது. விமானச்சீட்டும் எடுத்தாயிற்று: ஒக்ரோபர் 1 ஆம் திகதி இரவு கட்டுநாயக்கா, நள்ளிரவு கடந்து புறப்பாடு, விடியப் போய் இறங்குவோம்.

இரணைமடுக் குளக்கட்டில் இன்று பின்னேரம் நீள நடந்தோம். இது பயிற்சி. சிங்கப்பூரின் வெக்கை எங்கள் வெக்கை போன்றதல்ல என்று அங்கே இருந்து வந்தவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். சோளகம் உடம்பை உலர்த்திவிட்டுப் போகும், அங்கே காற்று நின்று உடம்பில் ஒட்டும். சாரதிகள் அந்த ஒரு பந்தயத்துக்குள் மூன்று கிலோ வரை எடை இழப்பதுண்டு, எல்லாம் வியர்வை. வெப்பம் ஒரு அளவைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால், குளிரூட்டும் உள்ளங்கியை வழங்கும் விதியை இந்த ஆண்டுதான் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்களுக்கு உள்ளங்கி இல்லை. இரண்டு துவாயும் இரண்டு மழைக்கோட்டும் உண்டு. 2022 இல் மழையால் ஒரு மணிநேரத்துக்கு மேல் தாமதித்துத்தான் பந்தயம் தொடங்கியது.

நேரக்கணக்கையும் குளக்கட்டில் நடக்கும்போதே அம்மாவுக்காகத் தயார்செய்தேன். வெள்ளியும் சனியும் அங்கே பின்னேரம் ஐந்தரைக்கு முதல் ஓட்டம், இரவு ஒன்பதுக்கு இரண்டாவது. சனி இரவினது, புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிகாண் ஓட்டம். ஞாயிறு இரவு எட்டுக்குப் பந்தயம். எங்களோடு ஒப்பிட இரண்டரை மணிநேரம் முன்னுக்கு. ஆகவே அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட மின்விளக்குகளின் கீழ் கார்கள் புறப்படும்போது பரந்தனில் பின்னேரம் ஐந்தரை. மாடுகள் பட்டிக்குத் திரும்பும் நேரம். அம்மா அக்காவின் மகனுடைய தொலைபேசியில் வெளிச்சத்தில் இருந்து இரவைப் பார்ப்பார்.

ஒக்ரோபர் 1, புதன்கிழமை, கிளிநொச்சி

பொதியில் கடைசியாகச் சேர்ந்தவை: அம்மா தந்த பனங்கட்டி ஒரு குட்டான், காதுக்கவசம் ஒன்று, நுரையடைப்பான் பத்துச் சோடி. நீளமான ஸ்குரூடிரைவரைத் தம்பி கைப்பைக்குள் வைத்திருந்ததை நான் கண்டு எடுத்துவிட்டேன். விமானத்தில் விடமாட்டார்கள், திடலிலும் விடமாட்டார்கள் என்று சொல்ல, சிறுபிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு, பிடி மரத்தாலான ஒரு கரண்டியையாவது கொண்டுபோகலாமா என்று கேட்டான். அக்காவின் மகன் சிரித்துக்கொண்டே சமையலறைக்கு ஓடினான். கரண்டி இப்போது பனங்கட்டியோடு பெரிய பொதிக்குள் இருக்கிறது.

புகையிரதம் அரைமணிநேரம் தாமதித்து வந்தது. யன்னலோரத்தை நான் அவனுக்கு விட்டேன். வலக்காது யன்னற்பக்கம் வரும்படி அவன் இடம் மாறி இருந்தான். இரணைமடுச் சந்தி கழிந்து முறிகண்டிக்குக் கிட்ட வரும்போது, யன்னற்கம்பியைப் பிடித்திருந்த கையின் மேல் தாடையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி நெடுநேரம் இருந்தான். நித்திரை என்று நினைத்துத் துவாயை எடுத்து வெயில் படாமல் யன்னலில் கட்டப் போனேன்.

“பொறுங்கோ அண்ணை” என்றான். “பின்னுக்கு ஒரு சில்லு தட்டுது.”